புள்ளிக் கல்லும் கோட்டுக் கல்லும்

மஞ்சள் கற்கள் லாரியிலிருந்து இறங்கியபோதே இரண்டு வகையாக இருந்தன. ஒன்றின் மேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள் புடைத்திருந்தன. இன்னொன்றின் மேல் நான்கு நீளக் கோடுகள். இரண்டும் ஓரடிக்கு ஓரடி. இருபது வருடமாக நடைபாதைக் கல் பதிக்கிறேன். செங்கல் மாதிரி நீளக் கல், பாம்பு மாதிரி நெளிந்த கல், தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கல் எல்லாம் பதித்தாயிற்று. புள்ளி வைத்த கல்லை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்போது எங்கே திரும்பினாலும் வேலை நடந்தது. பெரிய ரோட்டின் இரண்டு பக்கமும் புது நடைபாதை. மூலையில் ஒரு பூங்கா, பூங்காவுக்குள் நீரூற்று, நீரூற்றுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில், பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம். அந்த எழுத்துகளுக்கு அடியில் மேடைக் கல் பதித்தது நான்தான். எழுத்துகளை நிறுத்த வந்தவர்கள், முகம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆங்கில எழுத்து எனக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுதான். ரோட்டைப் பார்த்து நிற்கட்டும் என்று கையைக் காட்டினேன். அப்படியே நிறுத்திவிட்டுப் போனார்கள். அது சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது.

மஞ்சள் கல் எதற்கு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என்னோடு வேலை செய்பவன் என் மனைவியின் தம்பி. "மழையில வழுக்காம இருக்கத்தான் மாமா, இது கூடத் தெரியாதா?" என்றான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், பைக்குக்காரர்கள் வண்டியை மேலே ஏற்றாமல் இருப்பதற்கு என்றார். சூப்பர்வைசர் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். நடைபாதையின் நடுவே மஞ்சளாக ஒரு பட்டை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

புள்ளி எங்கே வரும், கோடு எங்கே வரும் என்று கேட்க வேண்டும். எனக்கு ஒரு கேள்வியை வாய்க்குக் கொண்டுவர நேரம் எடுக்கும். அதற்குள் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். மச்சான்தான் ஓடிப்போய்க் கேட்டான்.

"எது வேணா போடுங்கப்பா. நடுவுல மஞ்ச வரணும், நேரா வரணும், பாக்க அழகா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழகாக இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அன்று ராத்திரி எனக்கு அதுவே யோசனையாக இருந்தது. காலையில் வாசலில் என் மனைவி புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஒரு பக்கம் புள்ளி, ஒரு பக்கம் கோடு. இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஒரு புள்ளிக் கல், ஒரு கோட்டுக் கல் என்று மாற்றி மாற்றிப் பதித்தேன். பத்தடிக்கு ஒரு முறை நான்கு புள்ளிக் கற்களைச் சேர்த்து வைத்து, சுற்றிலும் கோட்டுக் கற்களைத் திருப்பித் திருப்பி வைத்து ஒரு சதுரம் கட்டினேன். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, மயிரிழை விலகாமல் போட்டது. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"மேஸ்திரி, கோலமே போட்டுட்டீங்களே! ஒதுங்குங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

நான் ஒதுங்கினேன். போட்டோவில் என் பாதம் மட்டும் விழுந்திருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வீடு சிதம்பரம். தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் கடலூர் வருவேன். நான் பார்க்க மூன்று வருடமாக அதே பஸ்ஸில் ஒருவர் வருகிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்குக் கண் தெரியாது. மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை. பத்து மணிக்குத்தான் ஆபீஸ் என்றாலும் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விடுவது அவர் வழக்கம். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கண்டக்டரோடு பேசிக்கொண்டே வருவார். சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் வந்ததும் காற்றின் வாடை மாறும். "இன்னும் இருபது நிமிஷம்" என்பார். அது தவறியதே இல்லை. நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டு வருவேனே தவிர ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

நடைபாதைக்காக நாங்கள் தோண்ட ஆரம்பித்த வாரத்தில், அவர் மஞ்சக்குப்பத்தில் இறங்கிக் குச்சியை முன்னால் நீட்டினார். அது தரையில் தட்டவில்லை, பள்ளத்துக்கு மேலே ஆடியது. அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் போய் முழங்கையைப் பிடித்தேன்.

"யாருண்ணே?"

அவர் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"சிமெண்ட்டு கை. இங்க வேல செய்றீங்களா?"

"ம்."

அதிலிருந்து எட்டு மாதம் தினமும் அவரை ஆபீஸ் கேட் வரை கொண்டுவிட்டேன். நடக்கும்போது அவர்தான் பேசுவார்.

"ஏழு வருஷம் இந்த வழியில தனியா நடந்தேண்ணே. எறங்குனா எடது கைப்பக்கம் செவுரு. செவுத்தோடயே போனா சாக்கடை மூடி ஒண்ணு டொக்குனு ஆடும். அது ஆடுச்சின்னா டீக்கடை வந்துடுச்சி. டீக்கடையில இருந்து முப்பத்தெட்டு அடி, கேட்டு. இப்ப செவுரும் இல்ல, மூடியும் இல்ல. அந்த மூடி எங்கண்ணே போச்சி?"

அந்த மூடியை நானும் மச்சானும்தான் சம்மட்டியால் உடைத்துப் பள்ளத்தில் போட்டோம். "ம்" என்றேன்.

ஒரு நாள் காய்ச்சல் வந்து நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் சொன்னார்: "நேத்து அரை மணி நேரம் ஸ்டாப்பிங்லயே நின்னேன். என்னை கூட்டினு போறது உங்களுக்கெல்லாம் சின்ன வேல. கூட்டினு போங்கன்னு கேக்குறது எனக்குப் பெரிய வேலண்ணே." எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கேட்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும்.

கேட் வரைக்கும் கல் பதித்து முடித்து, தடுப்புத் தகரங்களைக் கழற்றும் நேரம் வந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"திங்கக்கெழமையில இருந்து உங்களுக்கு லீவுண்ணே. மஞ்சக் கல்லு போட்டுட்டாங்களாமே, ஆபீஸ்ல சொன்னாங்க. இனிமே நான் தனியாவே போயிடுவேன்."

"மஞ்சக் கல்லா?" என்று கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஆமாண்ணே. எங்களுக்குன்னு போடுறதுதான் அது. மெட்ராஸ்ல டிரெய்னிங் போனப்ப நடந்து பழகியிருக்கேன். காலுக்கடியில கோடு இருந்தா, நேரா போலாம்னு அர்த்தம். புள்ளி வந்தா, நில்லு, முன்னால என்னமோ இருக்கு, திரும்பணும், இல்லன்னா படி வருது. அவ்ளோதான். கல்லே பேசும்ணே."

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. என் கோலம் கண் முன்னால் வந்தது. போ, நில்லு, போ, நில்லு, போ, நில்லு. பத்தடிக்கு ஒரு முறை நான்கு பக்கமும் திரும்பிய கோடுகள். அதை மிதிக்கிறவர் எந்தப் பக்கம் போவார்? எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பாதி வழியில் விளக்குக் கம்பம் நடுகிறவர்கள் மஞ்சள் பட்டையின் மேலேயே ஒரு கம்பத்தை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் கம்பத்தைச் சுற்றிக் கல்லை வெட்டி அழகாகப் பொருத்தியிருந்தேன். கம்பத்துக்கு நேராகப் போவது ஒரு கோட்டுக் கல்.

சொல்லியிருக்க வேண்டும். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், நான் வாயைத் திறக்கவில்லை. காற்று மாறியது. "இன்னும் இருபது நிமிஷம்" என்றார்.

சனிக்கிழமை சூப்பர்வைசரைப் பார்த்தேன். மச்சானை அனுப்பலாம் என்று நினைத்தேன். அவன் பாதியை விளையாட்டாகச் சொல்லிவிடுவான் என்று நானே போனேன்.

"சார், அந்த மஞ்சக் கல்லு..."

"ஏன், ஒடஞ்சிடுச்சா?"

"இல்ல சார். அது கண்ணு தெரியாதவங்களுக்காம். புள்ளி ஒரு எடத்துல வரணும், கோடு ஒரு எடத்துல வரணும். நாம மாத்திப் போட்டுட்டோம்."

அவர் போனை எடுத்து வரைபடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். மஞ்சள் பட்டை பெரிதானது. வேறு ஒன்றும் வரவில்லை. இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க மஞ்சளாக இருந்தது.

"எனக்கே யாரும் சொல்லல மேஸ்திரி" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு போனைப் பையில் போட்டார். "பில்லுக்கு அளவெல்லாம் எடுத்தாச்சி. போட்டோவும் மேல போயிடுச்சி, நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. இப்ப கைய வச்சா என்னைத்தான் கேப்பாங்க. உட்டுடுங்க."

"திங்கக்கெழம அவர் தனியா நடப்பாரு சார்."

"எவரு? பேரு என்ன?"

மூன்று வருடம் ஒரே பஸ், எட்டு மாதம் கையைப் பிடித்து நடை. அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

"பேரே தெரியாத ஆளுக்கா இவ்ளோ?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. கல் என்னுடையதில்லை, ரோடு என்னுடையதில்லை. போட்டதை நல்லா இருக்கிறது என்கிறார்கள். தப்பு என்று சொல்வது நான் மட்டும்தான், அதுவும் ஒருவர் பஸ்ஸில் சொன்னதை வைத்து. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தும் குழம்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மச்சானுக்குப் போன் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். "ஊரே கறிக்கடையில நிக்கிது, நீ என்னை கல்லு நோண்டக் கூட்டினு போற. எங்க அக்கா உன்னை எப்படித்தான் கட்டிக்கினாளோ" என்று மச்சான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான். ஆனால் கடப்பாரையை அவன்தான் முதலில் எடுத்தான்.

மணல் மேல் பதித்த கல் என்பதால் உடையாமல் கிளம்பியது. புள்ளிக் கற்களை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்க வேலைக்காகத் தார்ப்பாயில் மூடி வைத்திருந்த கோட்டுக் கற்களைக் கொண்டுவந்து போட்டோம். கோடு ஒழுங்காக ஒரே திசையில் ஓட ஆரம்பித்தது. கம்பத்துக்கு வந்ததும் நின்றோம். அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எத்தனை அடிக்கு முன்னால் நில்லு என்று சொல்வது? ஒரு புள்ளிக் கல் போதுமா?

"அவரு செருப்பு போட்டுனு வருவாரா மாமா?"

"ஷூ."

"அப்ப நீயும் செருப்போடயே நடந்து பாரு."

சுற்றிலும் பார்த்தேன். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பூங்காவில் அந்தப் பெரிய எழுத்துகளுக்கு முன்னால் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நாலு பேர் நடுவில் சாப்பிட உட்கார்ந்தாலே எனக்குச் சோறு இறங்காது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன்.

முதல் தடவை கல்லே தெரியவில்லை. இருட்டும் ஹாரன் சத்தமும்தான். ரோடு எந்தப் பக்கம் என்றே தலை சுற்றியது. இரண்டாவது தடவை கோடு மெதுவாகக் காலுக்குள் ஏறியது. புள்ளி வந்ததே தெரியாமல் தாண்டி, கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டேன்.

"மேஸ்திரி காலங்காத்தாலயே போட்டுட்டாரு போல!" என்று டீக்கடையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமா, அப்படியே உங்க கடையில வந்து முட்டுவாரு, ஓரமா நில்லுங்க" என்றான் மச்சான்.

காது சூடேறியது. ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டது. என் ஒரு எட்டு ஒரு கல்லைத் தாண்டிவிடுகிறது. புள்ளியை இரண்டு வரிசையாகப் போட்டால் எப்படி எட்டு வைத்தாலும் ஒரு கால் அதில் விழும். கம்பத்துக்கு முன்னால் இரண்டு வரிசை, திரும்பும் இடத்தில் இரண்டு, கேட்டுக்கு நேராக இரண்டு. திரும்பத் திரும்ப நடந்தேன். இருபது வருடமாகக் கல் பதிக்கிறேன், பதித்த கல்லைக் காலால் ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் முடித்தோம்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் நானாக உட்கார்ந்தேன். சிப்காட் காற்று வரும் வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

"சார், அந்தக் கல்லு போட்டது நான்தான்."

"தெரியுமேண்ணே. கை சொல்லுதே."

"தப்பா போட்டுட்டேன் சார். ஒரு புள்ளி, ஒரு கோடுன்னு. கோலம் மாதிரி. நேத்து எடுத்துட்டு மாத்திப் போட்டேன். இப்பவும் சரியான்னு தெரியல. நடுவுல ஒரு கம்பம் வேற இருக்கு. நான் கூடவே வரட்டுமா?"

அவர் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "கோலமா! அப்ப நான் வந்திருந்தா ஒவ்வொரு கல்லுலயும் நின்னு நின்னு, ஆபீஸ் போயி சேர சாயங்காலம் ஆயிருக்கும்." சிரிப்பு அடங்கிய பிறகு, "தனியா போறேண்ணே. நீங்க வேணா பின்னால வாங்க. கைய மட்டும் புடிக்காதீங்க" என்றார்.

இறங்கினோம். குச்சியால் கோட்டைத் தேடிப் பிடித்தார். நான் பத்தடி தள்ளி வந்தேன். கம்பம் நெருங்கியது. இரண்டாவது வரிசைப் புள்ளியில் அவர் கால் விழுந்தது. நின்றார். குச்சியை நீட்டிக் கம்பத்தைத் தட்டினார். ஏதோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வலது பக்கம் திரும்பிக் கோட்டோடு சுற்றி வந்தார்.

டீக்கடைக்கு நேராக மறுபடியும் நின்றார். அங்கே புள்ளி இல்லை. கோட்டின் மேலேயே மூன்று பைக்குகள் நின்றன. வண்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பத்துக்குப் புள்ளி வைத்தேன், பைக்குக்கு எங்கே வைப்பது? போய்க் கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிப்போனால் அரை நிமிட வேலை. பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். முதல் வண்டியைத் தள்ளப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

"யோவ், வண்டிய எதுக்குய்யா இழுக்குற?" என்றான் ஒருவன்.

அவர் குச்சியோடு அசையாமல் காத்துக்கொண்டிருந்தார். நேற்று சிரித்த அதே ஆட்கள்தான் கடையில்.

"எடுங்கப்பா!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மூணையும் எடுங்க. அவரு நடக்கணும்."

எடுத்தார்கள், முனகிக்கொண்டே. அவர் மறுபடி கோட்டைப் பிடித்தார். கேட்டுக்கு நேராகப் புள்ளியை மிதித்தார், திரும்பினார், உள்ளே போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ச்மேனிடம் "வணக்கம்ணே" என்று சொன்ன சத்தம் மட்டும் ரோடு வரைக்கும் கேட்டது.

கல் மாறியிருந்ததை சூப்பர்வைசர் மதியம் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "முன்ன இருந்ததே நல்லா இருந்திச்சி மேஸ்திரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒத்துக்கொண்டாரா கோபித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கத்துக்குக் கல் குறைந்தது. அதை யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்த அவரும் நானும் சிதம்பரத்தில் ஒன்றாக இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு நடைபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்த வரைக்கும் திறந்து விட்டிருந்தார்கள். அவர் நாலு எட்டு வைத்தார், நின்றார், நாலு எட்டு வைத்தார், நின்றார்.

"அண்ணே, இது உங்க கைவேலையா?"

குனிந்து பார்த்தேன். ஒரு புள்ளி, ஒரு கோடு. பத்தடிக்கு ஒரு சதுரம். நான்கு புள்ளி நடுவில், சுற்றிக் கோடு. இந்தப் பக்கம் நான் ஒரு கல் கூடப் பதித்ததில்லை. யாருடைய வேலை என்றும் தெரியாது. அப்புறம் அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. நல்லா இருக்கு என்று சொன்னார்களே, அது எத்தனை போனுக்குப் போயிருக்கும்?

"என் வேலை இல்ல சார். ஆனா என்னுதுதான்."

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார். பத்தடி தள்ளி ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். என் வயதுதான். பக்கத்தில் நூல், ரசமட்டம், ரப்பர் சுத்தி. காலுக்கடியில் வைத்திருந்த போனைக் குனிந்து பார்த்துப் பார்த்து, அடுத்த சதுரத்துக்குக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மிகவும் சுத்தமான வேலை. மயிரிழை விலகவில்லை.

அவருக்குப் பின்னால் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தார்.

"என்னாண்ணே?"

நான் அவர் பக்கத்தில் குந்தினேன். ஒரு புள்ளிக் கல்லைக் கையில் எடுத்தேன்.